மயிலுவுக்கு ஒரு பொரியல்

ஜூன் 9, திங்கள்
பீன்ஸ் பொரியல். பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தேன். என் மனைவி மயிலம்மாளுக்குக் கிட்னி இரண்டும் செயலிழந்ததிலிருந்து இந்த வீட்டில் காய் இப்படித்தான் வேகிறது. காயிலுள்ள பொட்டாசியம் தண்ணீரோடு போய்விட வேண்டுமாம். உப்பும் கூடாது. ருசியும் சேர்ந்து போய்விடும் என்று மட்டும் ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை.

ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "இதுக்குப் போய் ஏங்க தாளிச்சுக்கிட்டு?" என்றாள்.

உடம்பு இன்னும் இளைத்தால் டயாலிசிஸ் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படியாவது சாப்பிட வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததோ பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பது மட்டும்தான்.

ஜூன் 11
புடலங்காய். மிளகு சீரகம் தட்டிப் போட்டு, பூண்டைச் சிவக்க விட்டேன். வாசனை ஸ்ரீரங்கம் முழுக்கப் போயிருக்கும். அவள் நாக்குக்கு மட்டும் போகவில்லை.

ஜூன் 12
முட்டைக்கோஸ் தீய்ந்துவிட்டது. கரண்டியை விட்டெறிந்தேன். "கரண்டி என்னங்க பண்ணுச்சு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு
முசிறியிலிருந்து அவள் தங்கை ஜோதி வந்தாள், தோட்டத்தில் வெட்டிய வாழைத்தண்டோடு. "கிட்னிக்கு இதவிட மருந்து கிடையாது மாமா."

எனக்கும் தெரிந்த விஷயம்தானே? நாரை விரலில் சுற்றி எடுத்து, மோரில் போட்டு வைத்து, பாசிப்பருப்பு சேர்த்துச் செய்தேன். மருந்துச் சத்து வீணாகக் கூடாது என்று வெந்த தண்ணீரைக் கொட்டவில்லை.

மயிலு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எத்தனை மாதம் ஆயிற்று இப்படிக் கேட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி என்று சமாளித்தேன்.

ஜூன் 16
மீதித் தண்டையும் செய்தேன். அதையும் சாப்பிட்டாள்.

ஜூன் 17
காலையில் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. கால் இரண்டும் துவண்டு கிடந்தன. ஆம்புலன்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது என்னைப் பார்த்தாள்.

என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். "அது கிட்னில கல்லு இருக்கிறவங்களுக்குச் சொல்றதுங்க. இவங்களுக்குக் கிட்னியே வேலை செய்யல, அத்தனை பொட்டாசியமும் எங்க போகும்? ஹார்ட் ஒரு தடவ நின்னு வந்திருக்கு."

நான்தான் நறுக்குனேன். என் கையால. நல்லதுன்னு நெனச்சுத்தானே — யாருகிட்ட போய்ச் சொல்ல?

ஜூன் 20
ஜோதி போனில் அழுகிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 26
மிஷினில் போட்டதும் பிரஷர் விழுந்துவிடுகிறது. இருதயம் தாங்கவில்லை, இனிமேல் டயாலிசிஸ் செய்ய முடியாது என்றார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இனி பத்தியம் எதுவும் வேணாம். அவங்க கேக்குறத செஞ்சு குடுங்க."

அந்த டாக்டர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் 27
என்ன வேண்டும் என்று கேட்டேன். "கத்திரிக்கா வதக்கல். உப்பு போட்டு" என்றாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பிஞ்சாகப் பொறுக்கி வந்தேன். சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, நல்லெண்ணெயில் சுருள வதக்கினேன். உப்பை அளந்து போட்டேன். இதுவரை நான் செய்ததிலேயே நன்றாக வந்த கறி இதுதான்.

ஊட்டினேன். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு முகம் சுளித்தாள்.

"கரிக்குதுங்க."

நானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.