மூச்சுக்கு ஒரு கோடு

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் நல்ல குளிர். நாங்கள் குடியிருக்கும் ஏரவாடாவிலிருந்து ரிக்‌ஷா, ஸ்வார்கேட் நிலையத்தில் அரசு எஸ்.டி. பஸ். தாபோலி போய், அங்கிருந்து கடலோரம். நானும் கண்ணம்மாவும். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம், இரண்டு பேர் மட்டும் ஊர்சுற்றப் போவது இதுதான் முதல் தடவை.

எடுத்தவை: புளிச்சோறு, மாத்திரை, போர்வை, இந்த நோட்டு.

எழுதக் கற்று எட்டு மாதம். பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணல். இருக்கட்டும், என் எழுத்து.

மாலை. சந்து என்கிற மீனவரின் வீட்டில் மலிவாக ஓர் அறை. நாளை படகில் டால்பின். அதிர்ஷ்டமிருந்தால் திமிங்கலமும் என்றார். கண்ணம்மா: "டிவில பாத்தா பத்தாதா? அது வாலால ஒண்ணு போட்டா நாம எங்க?"

டிச. 13, சனி

படகு போகவில்லை. கரையிலேயே திமிங்கலம்! குட்டி. மூன்று ஆள் நீளம். விடிகாலையில் தண்ணீர் வடிந்தபோது மணலில் மாட்டிக்கொண்டதாம். கண் கன்றுக்குட்டிக் கண். தொட்டுப் பார்த்தேன்.

தோல் காயாதிருக்க ஊரே தண்ணீர் ஊற்றியது. ஈரத்துணி போர்த்தியது. கண்ணம்மா எங்கள் போர்வையைக் கொடுத்தாள். நான் ஒரு வாளி எடுத்தேன். குட்டியின் உச்சந்தலை காய்ந்திருந்தது. அங்கே ஊற்றினேன்.

அது உடம்பு முழுக்க உதறியது. சந்து ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார். "அரே சாச்சா! வோ உஸ்கா நாக் ஹை!"

மூக்கு. உச்சியில் மூக்கு. எனக்கு எப்படித் தெரியும்?

பகல் 1 மணி. வனத்துறை அம்மா வந்தார். நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டவில்லை. "உள்ளே எவ்வளவு போனது என்று தெரியாது. மூச்சைக் கவனிக்க வேண்டும்" என்று ஹிந்தியில் சொன்னார். என்னிடம் நோட்டு இருக்கிறது என்றேன். பத்து நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. மூச்சுக்கு ஒரு கோடு.

1.20 – ||||||
1.30 – |||||
1.40 – ||||
1.50 – ||||
2.00 – ||

என்னால்தான். கண்ணம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நம்ம பசங்களக் குளிப்பாட்டும்போதும் இப்டித்தான் மூஞ்சிலயே ஊத்துவீங்க. செத்தா போச்சுங்க? எழுதுங்க."

2.10 – ||
2.20 – |
2.30 – |||
2.40 – ||||

4 மணி. தண்ணீர் ஏறிவிட்டது. இரண்டு படகு, குட்டியின் வயிற்றுக்கடியில் தார்ப்பாய். இடுப்பளவு நீரில் இருபது பேர். "ஹய்யா! ஹய்யா!" இரண்டு முறை திரும்பிக் கரைக்கே வந்தது. மூன்றாம் முறை வால் அசைந்தது. போனது.

யாரும் கை தட்டவில்லை. சந்து சொன்னார்: "ராத்திரியில் திரும்பி ஒதுங்கினால் பிழைக்காது. காலையில் தெரியும்."

கண்ணம்மா சாப்பிட்டாள். நான் நோட்டுக் கோடுகளைத் திரும்ப எண்ணினேன்.

டிச. 14, ஞாயிறு

பஸ் எட்டரைக்கு. ஆறு மணிக்கே கரைக்கு வந்தோம். பனி. வடக்கே கடைசிவரை நடந்தோம், ஒன்றுமில்லை. தெற்கே திரும்பினோம். பாறைக்குப் பக்கத்தில் கறுப்பாக, நீளமாக. என் கால் நின்றுவிட்டது.

"நீங்க இங்கயே இருங்க" என்று அவள் மட்டும் போனாள். முழங்கால் வலிக்காரி, ஓடினாள்.

பார்த்துக்கொண்டே நின்றேன். குனிந்தாள். பிறகு செருப்பைக் கழற்றி அதைப் பட்பட்டென்று அடித்தாள். கட்டைச் சத்தம்.

"படகுங்க! கவுத்துப்போட்ட படகு!"