திரும்பிப் பார்க்காத மாப்பிள்ளை

4-3-1963, திங்கள். புதூர்நாடு.
வனத்துறை எழுத்தர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் என் வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகிறேன். ஒன்பது அத்தியாயங்கள் முடிந்தன. தேதிப் பிழை ஒன்றும் இராது. என்ன எழுதுகிறீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் மனைவி சுந்தரம்மாளும் கேட்டதில்லை.

வாணியம்பாடிப் புளி வியாபாரி லத்தீபும் அறுபது வயதில் எழுதத் தொடங்கிவிட்டாராம். இவ்வூரில் உள்ள அவருடைய கிடங்கில் பெண்கள் புளி தட்டிக் கொட்டை எடுக்கும்போது, எழுதியதைப் படித்துக் காட்டுகிறார். "அப்பால இன்னா ஆச்சு பாய்?" என்று கேட்கிறார்களாம்.

6-3-1963, புதன்.
புளி வாங்கப் போன சுந்தரம்மாள் அந்தி சாய்ந்துதான் வந்தாள். "பாய் நம்மளப் பத்திப் படிச்சாருங்க" என்றாள், சிரிப்பை அடக்க மாட்டாமல்.

மணமான புதிதில் இவளை மலைக்கு அழைத்து வந்த நாள். பாதை கிடையாது. லத்தீப் வீட்டுப் பொதிமாடுகளோடு நடந்தோம். கால் கொப்புளித்த இவளை உப்பு மூட்டையின்மேல் உட்கார வைத்தது லத்தீப்தான். எழுதியிருக்கிறார்: "மாப்பிள்ள பொட்டியத் தூக்கிக்கினு முன்னால போனாரு. உச்சி வரைக்கும் ஒரு வாட்டி திரும்பிப் பாக்கல." கிடங்கே சிரித்ததாம். இவளுந்தான்.

ஆடி மாதம் என்று வேறு எழுதியிருக்கிறார். பிழை. 9-6-1924, ரக்தாக்ஷி வருடம், வைகாசி.

என் மனைவியைப் பற்றி எழுத இவர் யாரு? நான் செத்தா போய்ட்டேன்?

7-3-1963, வியாழன்.
என் நூலில் அந்த நாளைத் தேடினேன். "புதூர்நாட்டில் பணியேற்றேன்." அவ்வளவே. அவள் பெயரில்லை.

9-3-1963, சனி.
கிடங்குக்குச் சென்று பிழையைச் சுட்டினேன். "வைகாசிங்களா? மாத்திக்கிறேங்க" என்று லத்தீப் அங்கேயே திருத்தினார். சண்டைக்கு இடமே வைக்கவில்லை. அதுவும் பொறுக்கவில்லை.

புளி தட்டிக்கொண்டிருந்த ரஞ்சிதம் கட்டையை நிறுத்தினாள். "மாசம் கெடக்குது தாத்தா. ஏன் திரும்பிப் பாக்கல? அதச் சொல்லுங்க."

என்னோடு வந்திருந்த சுந்தரம்மாளும் என்னையே பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

10-3-1963, ஞாயிறு.
ஏன் பார்க்கவில்லை? காலை முழுவதும் எழுதி எழுதிக் கிழித்தேன். பிறகு வந்தது: பின்னால் அவள் கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும்வரை அவள் வருகிறாள் என்று பொருள். திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம்.

மாலையில் அவளை அழைத்துப் படித்துக் காட்டினேன். 

"கொலுசா?" என்றாள். "அத அடிவாரத்துலயே கழட்டி மடியில கட்டிக்கினேனே. நீங்க கேட்டது மாட்டுச் சலங்கைங்க."

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருத்துவதற்காகப் பேனாவை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத அடிக்காதீங்க. இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

எழுதும்வரை எனக்கே தெரியாது என்றேன். உண்மை.

13-3-1963, புதன்.
ரஞ்சிதம் வந்தாள். அந்தப் பக்கத்தைக் கிடங்கில் படிக்க லத்தீப் கேட்கிறாராம். "எல்லாரும் கேக்கணும்னு சொல்றாங்க தாத்தா."

கொடுக்க மறுத்துவிட்டேன். பொறாமை என்று அங்கே பேசுவார்கள், பேசட்டும், தவறில்லை. சுந்தரம்மாள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொடுங்கள் என்று அவளும் சொல்லவில்லை.