கடைசி வரியில் என் அக்கா

ஜூலை 8, செவ்வாய், காலை 6.10

புத்தகங்கள் மூன்று. பக்கங்கள் 1,086, பின்னிணைப்பு சேர்த்து. மதிப்புரை 1,200 சொல். கெடு வெள்ளி. அஞ்சுகிராமத்தில் பேய்க்காற்று. காற்றாலைக்கு நல்லது, எனக்கு இல்லை. 14-ஆம் எண் காற்றாலையில் எண்ணெய்க் கசிவு, நாளெல்லாம் ஏணிதான்.

மூன்றும் தென்கிழக்காசிய வரலாற்றில் பெண்கள் பற்றி. பத்திரிகை ஆசிரியர் (இனி ஆ.) என்னிடம் தந்த ஒரே காரணம், இந்தோனேசியாவில் கப்பல் பட்டறையில் இரண்டு வருடம் இருந்தேன் என்பது. "நீ அங்க கிடந்தவன்லா மக்கா, சும்மா எழுது." கிடந்தேன். வெல்டிங் சோதித்தேன். வரலாற்றை அல்ல.

பு.1: சந்தைப் பெண்கள். நல்ல புத்தகம். பெயர், சரக்கு, சண்டை எல்லாம் உண்டு.

பு.2: அரண்மனைப் பெண்கள். 'பெண்களின் நிலை உயர்வாக இருந்தது' என்று பக்கத்துக்குப் பக்கம். எதை வைத்து அளந்தார்? எங்கள் வேலையில் இப்படி அறிக்கை கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பு.3: அந்நிய வணிகர்களை மணந்து, அவர்களின் வியாபாரத்தையே நடத்திய துறைமுகப் பெண்கள். 500 பக்கம். எனக்கு முடியாது. போன வாரமே புதுக்கடை ஊரில் இருக்கும் அக்காவிடம் கொடுத்தாயிற்று. எம்.ஏ. வரலாறு. பிஎச்.டி. இரண்டாவது பிள்ளையோடு நின்றது. இப்போது ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல்.

ஜூலை 10, வியாழன், மதியம்

அக்காவின் குறிப்பு வாட்ஸப்பில். பதினொரு தாள். சாப்பாட்டை வைத்துவிட்டு வாசித்தேன்.

பு.3-இன் நன்றியுரையைப் பிடித்திருக்கிறாள். பன்னிரண்டு வருடம் பழைய கடிதங்களை எல்லாம் படித்து மொழிபெயர்த்தது நூலாசிரியரின் மனைவி. நன்றி 'என் மனைவிக்கு'. பெயர் இல்லை. புத்தகம் எதைப் பற்றி? எழுத்தர்கள் பெயர் எழுதாமல் விட்ட பெண்களைப் பற்றி!

அக்காவின் வரி: 'ஐந்நூறு பக்கம் பெண்களின் பெயரைத் தேடியவருக்கு வீட்டுக்குள் இருந்த பெயர் கிடைக்கவில்லை.'

கொதித்துவிட்டது. அவள் வரிகளை அப்படியே என் மதிப்புரையில் போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

காலை 5.40-க்கு அனுப்பினேன். பத்து மணிக்கு ஆ. போன். "மூணாம் புத்தகம் தீயா இருக்குடே. நீதான் எழுதுனியா?"

"ஆமா."

14-இல் கசிவு நிற்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அஞ்சுகிராமத்தில் காற்று, புதுக்கடையில் மழை. அக்கா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அச்சுப்படியை நீட்டினேன். பாராட்டுவாள் என்று நினைப்பு.

சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. தன் வரிகளை எல்லாம் அடிக்கோடிட்டாள். பு.3 முழுக்கச் சிவப்பு.

"ஏலே, இது என் எழுத்துல்லா?"

"குறிப்புதானே தந்த?"

"குறிப்பா? ஒரு கமா மாத்துனியா நீ?"

"கடைசி வரியைப் பாருக்கா. 'உதவிய என் அக்காவுக்கு நன்றி'ன்னு போட்டிருக்கேன்."

"அவன் 'என் மனைவிக்கு'ன்னு போட்டான். நீ 'என் அக்காவுக்கு'ன்னு போட்டிருக்க. அவனுக்குக் கல்யாணம் ஆயிட்டு, உனக்கு ஆவல்ல. வேற வித்தியாசம் இல்ல கேட்டியா."

உள்ளே அத்தான் சிரிக்கிற சத்தம். நான் ஏதோ கத்தினேன். அவள் கத்தவில்லை. "என் பேரு அச்சுல வந்தது கல்யாணக் கார்டுல மட்டுந்தாம்லே. அதுலயும் எம்.ஏ.வை எடுத்துட்டானுவ. மாப்பிள்ளைக்கு இல்லாத பட்டம் பொண்ணுக்கு எதுக்குன்னு." அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் கருங்கல் வரை அவள்மேல் கோபம். நாகர்கோவிலில் இறங்கும்போது கோபம் இருந்தது, ஆள் மாறிவிட்டது.

ஜூலை 14, திங்கள், காலை 8.05

ஆ.வுக்குப் போன். அக்கா பெயரும் வரவேண்டும் என்றேன்.

"ரெண்டு பேரு போட இது என்ன கல்யாணக் கார்டா? புதன்கிழமை அச்சுக்குப் போவுது."

"பாதி அவ எழுதுனது."

"அப்போ மார்ச்சுல மகளிர் சிறப்பிதழ்ல எழுதச் சொல்லு. கோலப்போட்டி பக்கத்துல இடம் இருக்கு."

கோலப்போட்டி! இந்த ஆள்தான் இந்தப் புத்தகங்களை மதிப்புரைக்குத் தேர்ந்தெடுத்தவர். பதில் சொல்லும் முன் வைத்துவிட்டார்.

செய்ய வேண்டியவை:

1. நாளை லீவு. 14-இல் வேறு யாராவது ஏறட்டும்.

2. காலை 9 மணிக்குப் பத்திரிகை அலுவலகம். நேரில். போன் வேலைக்காகாது.

3. முதலில் சொல்ல வேண்டியது: வெள்ளிக்கிழமை நான் சொன்ன "ஆமா" பொய்.

4. பு.3 தனி மதிப்புரை. அக்கா பெயரில். இந்த இதழில். இடம் இல்லை என்றால் என் பு.1, பு.2 வெளியே.

5. நன்றி வரியை அடிக்க.

6. பெயர்: ஜெபராணி, எம்.ஏ. முன்னெழுத்து அப்பாவுடையதா, அத்தானுடையதா, இரண்டும் வேண்டாமா? அவளிடமே கேட்க.