பாதம் பதியாத நாற்காலி

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நெரவி சாலையில் தண்ணீர். நோயாளிகள் குறைவு. கண்புரை அறுவை நான்கு மட்டும். கடைசி அறுவையில் வலது சுண்டுவிரலும் மோதிர விரலும் மறுபடி மரத்தன. கருவியை வைத்துவிட்டுக் கையை உதறினேன். சிஸ்டர் ஜெயந்தி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

மாலை, அறுவை செய்பவர்களுக்கென்றே வடிவமைத்த புது நாற்காலி வந்தது. முதுகுச் சாய்வு, முழங்கைத் தாங்கி. என் அறையில் உட்காரவைத்து உயரம் பொருத்தினார் கம்பெனிக்காரர். "கழுத்து வலியா, அப்புடின்னா என்னன்னு கேப்பீங்க மேடம்!" கத்தி பிடிக்காதவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை.

ஆனாலும், கோளாறு இதுவரை உட்கார்ந்த பழைய ஸ்டூலில்தான் இருக்க வேண்டும். இருக்கட்டும்.

மறக்கக் கூடாதவை: ரசப்பொடி. டார்ச்சுக்கு செல். குடை ரிப்பேர்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். சுபைதா அம்மாள் வந்தார். இடது கண் எப்போதோ போனது. வலதில் முற்றிய புரை. வியாழன் அறுவை.

"இருக்குறதே ஒத்தக் கண்ணு. துபாய்லேர்ந்து மவன் வாறான், அவன் மொவத்தப் பாக்கணும். நீங்கதான் பண்ணணும் டாக்டரம்மா."

"சரிம்மா" என்றேன். மேசைக்கடியில் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டே.

புது நாற்காலியில் முதல் நாள். முதுகு சாய்வைத் தொடவே இல்லை. கருவியை இயக்கும் கால் பெடல் எட்ட நுனியில் தொற்றிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பை நோக்கிக் கழுத்தை நீட்டியபடி. விரல்கள் மறுபடி மரத்தன. சரியாக முன்னைவிட நேரமாயிற்று.

தூக்கம் இல்லை.

நவம்பர் 12, புதன்

தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சட்டென்று பிடிபட்டது. அன்று உயரம் பார்த்தபோது காலில் குதி உயர்ந்த செருப்பு. உள்ளேயோ வெறுங்கால். பெடல் பாதத்தில் உறைத்தால்தான் எனக்கு வேலை ஓடும், படித்த காலத்திலிருந்து.

ஜெயந்தி சிரித்தாள்: "பொடவைக்கு ஃபால்ஸ் தைக்கத்தான் செருப்போட அளவு பாப்பாங்க டாக்டர்!" நானும் சிரித்தேன். பயம் பாதி போன மாதிரி.

நாற்காலியை இறக்கினால் அறுவை மேசை உயரமாகிவிடுகிறது. மேசை அதற்குமேல் இறங்காது. காலுக்கும் பெடலுக்கும் அடியில் பலகை போடச் சொன்னேன்.

மாலை, ஆளில்லாத தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தேன். பாதம் பதிந்தது. முதுகு சாய்ந்தது. கழுத்து நேராக. கம்பெனிக்காரர் சொன்னது பொய்யில்லை. கிழிந்த கையுறைத் துண்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துத் தைத்தேன். தையல் அழகாக விழுந்தது.

பிறகு சுண்டுவிரல். பிறகு மோதிர விரல்.

இனிப் பழிபோட நாற்காலியும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

வெயில். கோளாறு கழுத்து நரம்பிலா என்று பார்க்கச் சனிக்கிழமை ஸ்கேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சுபைதா அம்மாளிடம் சொல்லிவிட்டேன். "என் விரல் மரத்துப்போவுதும்மா. டாக்டர் செல்வம் பண்ணட்டும். என்னைவிடச் சின்னவர், நல்ல கை."

அம்மாள் கேட்டார்: "நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்."

"அப்பக் கையப் புடிச்சிக்கிறேன்."

தியேட்டரில் பலகையை எடுத்துவிட்டார்கள். செல்வம் உயரம். நாற்காலி அவருக்குத் தைத்த மாதிரி. பொறாமை, ஒரு நொடி. மேலே போர்த்திய அறுவைத் துணிக்கடியிலிருந்து அம்மாளின் கை வந்து, கிடைத்த என் கடைசி இரண்டு விரல்களைப் பற்றிக்கொண்டது.

"லென்ஸ் நல்லா ஒக்காந்துருச்சு மேடம்" என்றார் செல்வம்.

பிடி தெரியவில்லை; அம்மாள் என் விரல்களை விட்டுவிட்டாரா என்று குனிந்து பார்த்தேன். விடவில்லை. இறுக்கித்தான் பிடித்திருந்தார்.