நீ ஓடிப்போகவில்லை, தம்பி

தம்பி,

காலையில் டீக்கடை ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். லீவுக்கு வரும்போதெல்லாம் உன் சட்டையில் அடிக்கும் விமான எண்ணெய் வாடை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுகிறாள்.

அந்த விமானத்தின் பிரேக்கை மாற்றாமல் பறக்கக் கூடாது என்று நீ கையெழுத்துப் போட மறுத்தாய். நீ ஒப்பந்த இன்ஜினியர். பைலட்டும் ஒப்பந்த ஆள்தான். முதலாளிக்கு அவசரம் என்று மேனேஜர் விமானத்தைக் கிளப்ப வைத்தான். இறங்கும்போது கவிழ்ந்தது. பைலட் ஒரு காலை இழந்தார்.

அன்றைக்கே மேனேஜர் உன்னிடம், "ஊருக்குப் போய் நாலு நாள் இருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றானாம். எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. இங்கே பட்டாசு ஆலை வெடித்தால் போர்மேன் தலைமறைவாவான், முதலாளியின் வக்கீல் ஜாமீன் வாங்கியதும் திரும்புவான். அதுதானே வழக்கம்.

"ஏலே, நாரணாபுரத்துல மச்சான் வீட்டுல இரு. செல்லை அமத்திப் போடு" என்றார் சித்தப்பா.

"தப்பு செய்யாதவன் எதுக்கு ஒளியணும்?" என்று நீ முனகினாய்.

"தப்பு செஞ்சவன் எவம்லே இங்கன ஒளிஞ்சிருக்கான்? அவன் கார்லல்லா போறான்!"

நீ ஒளிந்த பிறகுதான் கம்பெனி வாய் திறந்தது. இன்ஜினியர் ஓடிவிட்டார், பழுதுக்கு அவரே பொறுப்பு, அவர் எங்கள் ஊழியரும் இல்லை. என்ன வாய் அது! காப்பாற்ற வேண்டுமென்றால் நீ அவர்கள் ஆள் இல்லை; பழி சுமக்க மட்டும் அவர்கள் ஆள்! அதிகாரிகள் உன் லைசென்ஸை நிறுத்தினார்கள். விசாரணைக்கு அலைந்து அலைந்தே உன் நெஞ்சு நின்றது.

கருமாதிக்குப் பைலட் ஊன்றுகோலோடு வந்தார். "அவர் என்கிட்டயும் வேணாம்னுதான் சொன்னார், ஐயா. எடுக்கலேன்னா நாளைக்கு வேற ஆள்னு மேனேஜர் மிரட்டினார்."

"இங்கன வந்து அழுறீகளே, விசாரணையில இதச் சொன்னீகளா?"

இல்லை என்றார். எழுந்து போகச் சொன்னேன். துக்கத்துக்கு வந்தவரை விரட்டியதாக ஊர் ஏசியது. ஏசட்டும்.

போன சீசனில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓர் ஆலை வெடித்து ஆட்கள் செத்தார்கள். என் மருமகன் அங்கே போர்மேன். உச்சி வெயிலில் வெடிமருந்து காயப்போடாதீர்கள் என்று முதலாளியிடம் மன்றாடியவன். தலைமறைவாகச் சொல்லி முதலாளியே வேன் அனுப்பினார். ஏறப்போனவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க மாமா, உள்ள போட்டுருவாக!"

"போடட்டும் மாப்ளே. நீங்க தடுத்தத அங்கன சொல்லுங்க. ஓடுனா, சொன்னது ஒண்ணும் நிக்காது."

ஸ்டேஷன் வாசல்வரை அவன் கையை நான் விடவில்லை. அவன் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான். என் மகள் என்னோடு பேசுவதில்லை. ஆனால் இந்த வழக்கில் முதலாளியின் பெயரும் இருக்கிறது, தம்பி.