ஃபிரேமுக்குள் இருந்த குழந்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

திண்டிவனத்தில் நீயும் அப்பாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். புனேயில் நாங்கள் சுகம். உன் பேத்தி ரோஜாவுக்கு மட்டும் மறுபடியும் வீசிங். பயப்படாதே, இப்போது தூங்குகிறாள்.

மழை ஈரத்தில் உங்கள் கல்யாணப் போட்டோ பூஞ்சை பிடித்துவிட்டது. துடைக்கலாம் என்று ஃபிரேமைக் கழற்றினேன். பின்னால் விழுப்புரம் ஸ்டூடியோவில் எடுத்த இன்னொரு போட்டோ. உன் மடியில் மாலை போட்ட குழந்தை, கண் மூடியிருந்தது. என் முதல் பிறந்தநாள் என்று உன் மருமகனிடம் காட்டிச் சிரித்தேன். அவர் திருப்பி, பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்து, "பேரு உன்னுதுதான். வருசம் நீ பொறக்கறதுக்கு முன்னாடிதா இருக்குதே" என்றார்.

ரோஜா தூங்குவதைப் போட்டோ எடுத்து அனுப்பியபோது, "தூங்குற புள்ளைய எடுக்காதடி, ஜல்தி அழிச்சிடு" என்று நீ போனில் கத்தியது இப்போதுதான் புரிகிறது. எனக்கு முன்னே பிறந்து இறந்துபோன அக்காவின் பேரைத்தான் எனக்கு வைத்தீர்களா?

எனக்குக் கோபமில்லை, அம்மா. வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா எதனால் போனாள்? உன்னால் சொல்ல முடியாவிட்டால் அப்பாவைச் சொல்லச் சொல். இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொஞ்சம் கேப்பை மாவு கொடுத்தனுப்பு.

ரோஜா இருமுகிறாள், முடிக்கிறேன். எப்போதும் 'உன் மூத்த மகள்' என்றுதான் கையெழுத்துப் போடுவேன். இன்று எழுத வரவில்லை.

உன் மகள்,
ஆரோக்கியசெல்வி