குணமடைந்தார் என்னும் பிழை

அனுப்புநர்:
பதிவு அட்டை எண் 417,
அச்சகத்தில் பிழை திருத்துபவர்.
(பெயரும் முகவரியும் அட்டையில் உள்ளன. பல மேசைகளைத் தாண்டி வரும் தாள் என்பதால் இங்கே எழுதவில்லை.)

பெறுநர்:
தலைமை மருத்துவ அலுவலர் அவர்கள்,
எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை மையம்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: நோயோடு இருக்கும் என்னைக் 'குணமடைந்தார்' எனப் பதிந்து மாத்திரையை நிறுத்தியது – திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக மாத்திரை பெற்றுவருகிறேன். சேர்ந்தபோது என் எடை முப்பத்தெட்டு கிலோ. அன்று வரிசையில் என்னோடு நின்றவர்களில் பலர் இன்று இல்லை. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கும் மனைவிக்கும் கிருமி இல்லை. இந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருகிறேன்.

2. என் இரத்தப் பரிசோதனையில் பதினோரு ஆண்டுகளாகக் 'கிருமி கண்டறியப்படவில்லை' என்றே வருகிறது. சென்ற மாதம் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது, காசநோய்ப் பிரிவுக்குச் செய்த படிவத்தையே நமக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் 'குணமடைந்தார்' என்றொரு கட்டம் உண்டு. புதிதாக வந்த பதிவாளர் என் பெயருக்கு நேரே அதில் குறியிட்டுவிட்டார். கண்ணில் படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. அவரைக் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் முந்நூறு அட்டை என்றால் என் கண்ணும்தான் தப்பவிடும்.

3. இதற்காக நான்கு முறை வந்தேன். மருந்தகம் பதிவறையைக் கைகாட்டியது, பதிவறை கணினிப் பிரிவை. அங்கே மருத்துவரின் கடிதம் கேட்டார்கள். மருத்துவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். கடைசி முறை மருந்தக ஊழியர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்களுக்குத்தான் சரியாயிடுச்சே, சந்தோஷமா வீட்டுக்குப் போங்களேன்." கேலி இல்லை, நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

4. ஏழாம் ஆண்டில், உடம்பு தேறிவிட்டதென்று நானே நான்கு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தவன். பட்டபிறகுதான் புத்தி வந்தது. பதுங்கியிருந்த கிருமி காசநோயையும் கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதம் தங்கள் வார்டில் கிடந்தேன். மாத்திரை கிருமியைக் கட்டிப்போடும், அழிக்காது என்று மருத்துவர் அன்று விளக்கினார். தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப்போல முதுமைவரை வாழலாமாம். அடியோடு குணமானவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களும் பெரும்பாலும் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள். ஆராய்ச்சி நடக்கிறது, காத்திருங்கள் என்றார். காத்திருக்கிறேன்.

5. இது மனுவுக்குத் தேவையில்லாததுதான், ஆனாலும் எழுதுகிறேன். மையத்தில் தந்த 'குணமடைந்தார்' சீட்டை முதலில் படித்தவள் என் மனைவி. இத்தனை ஆண்டுகளாக மாத்திரைப் புட்டியை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தவள், அன்று அதை எடுத்து வாசலறை மேசைமேல் வைத்தாள். அது அச்சுப்பிழை மாதிரி ஒன்று என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கேட்டுவிட்டு அவள் புட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தாள். நோய் இருப்பதைச் சொன்ன நாளில்கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை, ஐயா.

6. இன்று காலை சாப்பிட்டதுபோக ஒன்பது மாத்திரைகள் உள்ளன. அவை தீருமுன் பதிவைத் திருத்தி, மருந்து தர ஆணையிட வேண்டுகிறேன். என்னைப்போல் இன்னும் எத்தனை பேர் 'குணமாகி' இருக்கிறார்கள் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் சிலர் அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக்கூடும்.

அந்தக் கட்டத்தை மட்டும் அடியோடு எடுத்துவிட வேண்டாம். என்றைக்காவது தேவைப்படும். அன்றைக்கு என் பெயருக்கு நேரே தாங்களே குறியிடுங்கள். நான் பிழை பார்க்க மாட்டேன்.

இடம்: அட்டையில் உள்ளபடி
நாள்: மார்ச் 14

இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள,
அட்டை எண் 417

இணைப்பு: பரிசோதனை முடிவின் நகல், 'குணமடைந்தார்' சீட்டின் நகல். சீட்டின் அசலை என் மனைவி பெட்டியில் வைத்திருக்கிறாள். கேட்க மனம் வரவில்லை.